ஆறு துளைகளும் ஒரு நெல்லிடையும்

மக்கா,

பந்தல் போட ஆள் வந்திருக்கிறது. முற்றத்தில் உன் அப்பா நின்றுகொண்டு, கால் எங்கே நடவேண்டும் என்று பந்தல்காரனுக்கே பாடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டுத் தன் இஷ்டப்படி நட்டுக்கொண்டிருக்கிறான். இன்னும் கொஞ்ச நேரத்தில் சண்டை வரும், என்னைக் கூப்பிடுவார்கள். அதற்குள் இதை எழுதிவிட வேண்டும். நீ சனிக்கிழமை பள்ளிக்கூட விடுதியிலிருந்து வந்துவிடுவாய் என்றாலும், வந்தபிறகு உன்னோடு தனியாக ஒரு வார்த்தை பேச எனக்கு வாய்க்காது. வீடு கொள்ளாமல் ஆள் இருக்கும். மாமியார் வீட்டில் எப்போது எழுந்திருக்க வேண்டும், யாருக்கு முதலில் சோறு போட வேண்டும் என்பதையெல்லாம் உன் சித்திமார் மூன்று பேரும் போட்டி போட்டுக்கொண்டு சொல்லித் தருவார்கள். அதை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். நான் சொல்லப்போவது வேறு. உன் கித்தார் செய்த கதையில் பாதிதான் உனக்குத் தெரியும். மீதிப் பாதி என்னிடமும் உன் அப்பாவிடமும் இருக்கிறது. அவர் சொல்லமாட்டார், அதனால் நான் சொல்கிறேன்.

புதுக்கடை வாத்தியாரை நீயாகப் பார்த்து, நீயாக எங்களிடம் வந்து சொன்னாய். பையன் நல்லவன்தான். காப்பியை இப்படி ஊதி ஊதிக் குடிக்கிறானே என்பது ஒன்றுதான் எனக்குக் குறை, அதை நீ பார்த்துக்கொள். ஆனால் நாலு வருஷத்துக்கு முந்தி இப்படி வந்து சொல்லும் இடத்தில் நீ இல்லை. அப்போது இரணியல் அத்தை தன் மகனுக்கு உன்னைக் கேட்டிருந்தாள். உன் அப்பாவும் அக்காவிடம் மறுத்துப் பேசத் தெரியாமல் தலையை ஆட்டிவிட்டு வந்திருந்தார். உன் அத்தான்மேல் எனக்கு ஒரு விரோதமும் கிடையாது. சாப்பிடுவான், தூங்குவான், எழுந்து இன்னும் சோறு இருக்கிறதா என்று கேட்பான். அவனுக்கு ஒரு பெண்ணைக் கட்டிவைப்பதில் தப்பில்லை. அந்தப் பெண் நீயாக இருக்கக் கூடாது என்பதுதான் என் எண்ணம். உன் எண்ணமும் அதுதான் என்பது, அந்த நாட்களில் நீ சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்குத் தெரிந்தது.

உனக்கு இருந்த ஒரே வழி மிஷன் பள்ளிக்கூட வேலை. சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த துரைசானி, தன் ஊருக்கே திரும்பிப் போகிறாள் என்று முடிவாகியிருந்தது. அவளுடைய கித்தாரில்தான் நீ வாசிக்கப் படித்தாய். பள்ளிக்கூடம் திறக்கும்போது சொந்தமாக ஒரு வாத்தியம் கையில் இருந்தால் அந்த வேலையை உனக்குத் தரச் சொல்வதாக அவள் வாக்குக் கொடுத்தாள். தன் கித்தாரை மட்டும் விட்டுப்போக அவளுக்கு மனசு வரவில்லை. மிச்சமிருந்த ஒரு கட்டுத் தந்தியையும், மாற்றுக்கென்று பெட்டியில் வைத்திருந்த பித்தளை முறுக்காணிகளையும் கப்பலேறுவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே உன் கையில் வைத்தாள். அதை நீ மடியில் கட்டிக்கொண்டு ஓடிவந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அப்பா அந்தச் சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீளமான இரண்டு தகடு, தகட்டுக்கு மூன்று ஆணி, ஒவ்வொரு ஆணிக்கும் பக்கத்தில் பல்சக்கரம். திருகினால் ஆணி மெதுவாகச் சுழன்று தந்தியை இழுக்கும். அவருக்கு ஆசை வந்துவிட்டது. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் செய்துதருவேன், வேலை கிடைத்தால் போ, கிடைக்காவிட்டால் ஆவணியில் இரணியல் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று சொன்னார். நீ சரி என்றாய். வேறென்ன சொல்வாய்?

உன் அப்பாவின் கைவேலையைப் பற்றி நான் எழுதினால் அதிகமாகத் தோன்றும், ஆனாலும் எழுதுவேன். துரைசானியின் கித்தார் கப்பலேறுமுன் அதை நாலு பக்கமும் அளந்து, பழைய பலகைகளில் அதேபோல் உடம்பு வளைத்து எடுத்துவிட்டார். கழுத்துக்கு, வெகுகாலமாகப் பரணில் காய்ந்துகிடந்த பலாக்கட்டையை இறக்கினார். முறுக்காணி பூட்டும் தலைப்பலகையும் கழுத்தும் ஒரே கட்டையில் வரவேண்டும். அந்த நீளத்துக்கு, அப்படிக் காய்ந்த பலா எங்களிடம் வேறு கிடையாது. தலைப்பலகையின் முகத்தில் கறுப்பாக ஒரு ஈட்டிமரப் பலகையை மெல்லிசாகச் சீவி ஒட்டுவதாக ஏற்பாடு. அதில் ஆறு துளை போட்டு, பின்னாலிருந்து தகட்டைப் பொருத்தினால் ஆறு ஆணியும் முன்பக்கம் தலை நீட்ட வேண்டும். பார்த்தால் இந்த வேலையிலேயே சின்ன வேலை இதுதான். அவர் அதைத் திங்கட்கிழமை காலை காப்பிக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று நினைத்தார்.

அங்கேதான் அவருடைய நெல் வந்து குறுக்கே விழுந்தது. உனக்குத் தெரியும், உன் அப்பா கட்டிலும் செய்வார், கதவும் செய்வார், சாவுப்பெட்டியும் செய்வார். பெட்டிக்கு மட்டும்தான் அவர் அளவைச் சரியாக அடைப்பார். உயிரோடு இருக்கிறவர்களுக்குச் செய்கிற எந்தச் சாமானிலும், அளந்து கோடு போட்டபின் ஒரு நெல்லின் அகலம் கூட்டிக்கொள்வார். அவருடைய அப்பா அப்படிச் செய்தார், அவருக்கு அப்பாவும் அப்படிச் செய்தார். அளவை அடைத்தால் ஆயுளை அடைத்ததுபோல் என்று இவர்கள் வீட்டில் ஒரு பயம். போதகர் அதைக் கேட்டுச் சிரித்தபோதும் இவர் மாறவில்லை. தொட்டிலில் ஒரு நெல்லிடை கூடினால் பிள்ளை விழுந்துவிடப்போகிறதா? நானும் இத்தனை வருஷம் வாய் திறந்ததில்லை. ஆனால் தகட்டில் ஆணிக்கும் ஆணிக்கும் உள்ள தூரம் எங்கோ ஒரு பட்டறையில் முடிவாகி வந்தது. அதற்கு உன் அப்பா வீட்டு வழக்கம் தெரியாது. அவர் முதல் துளையிலிருந்து இரண்டாவதுக்கு ஒரு நெல் கூட்டினார், இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு இன்னொரு நெல் கூட்டினார். தகட்டை வைத்தால் முதல் ஆணி இறங்கியது, இரண்டாவது உராய்ந்தது, மூன்றாவது மரத்தில் இடித்துக்கொண்டு நின்றது.

அப்போது நீ பக்கத்தில்தான் நின்றாய். அரத்தை எடுத்துத் துளையைக் கொஞ்சம் அகலமாக்கிவிடுகிறேன் என்று அவர் சொன்னதும், "வேண்டாம் அப்பா, ஓட்டை அகலமானா தந்தி இழுக்கயில ஆணி சாயும். சுருதி நிக்காது" என்று சொன்னாய். சொல்லிவிட்டுப் பாட்டுப் பயிற்சிக்கு வேதக்கோயிலுக்குப் போய்விட்டாய். வாசல் தாண்டுமட்டும் நிமிர்ந்துதான் நடந்தாய். தென்னைமரம் தாண்டியதும் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்ததை நான் அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மூன்று துளை தப்பிப்போன ஒரே கட்டை, மேற்கே திரண்டு நிற்கிற இடவப்பாதிப் பருவமழை, இரணியலில் மோதிரத்துக்கு விரல் அளவு கேட்டு ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிற அத்தை. எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நெஞ்சில் உட்கார்ந்தன.

நான் பட்டறைக்குப் போனேன். உன் அப்பா தப்பின துளைகளை அடைக்கப் பலாத்துண்டில் முளை செதுக்கிக்கொண்டிருந்தார். கழுத்தின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதே பக்கம் முளையின் நாரும் ஓடும்படி செதுக்கி, வச்சிரப் பசை தடவி அடித்து, சீவிவிட்டார். கை வைத்துத் தடவினால் அங்கே துளை இருந்ததென்றே தெரியவில்லை. அவ்வளவு நேர்த்தி. பிறகு முழக்கோலை எடுத்தார், மறுபடியும் அளந்தார், மறுபடியும் ஒரு நெல்லைக் கூட்டினார். எனக்கு வந்த கோபத்தில் முழக்கோலைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். இப்படி இன்னும் எத்தனை முளை அடிப்பதாக உத்தேசம் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"ஏட்டி, பெட்டிக்குத்தான் அளவை அடைப்பாவ. எனக்க பிள்ளைக்கச் சாமானில நான் அடைக்க மாட்டேன். என்னால முடியாது."

பிடிவாதம் என்று நினைத்துத்தான் நான் சண்டைக்குப் போனேன். பயம் என்று அப்போதுதான் விளங்கியது. உனக்கு முன்னால் பிறந்து தங்காமல் போனதற்கு இவர் கையால்தான் ஒரு சின்னப் பெட்டி செய்தார். அதற்குப் பிறகு உன் பெயரில் செய்கிற எதிலும் அளவை அடைக்க அவர் கை போகவில்லை. இதை வைத்துக்கொண்டு மனுஷனோடு எப்படிச் சண்டை போடுவது? அதற்காக உன்னை இரணியலுக்கு அனுப்பிவிடவும் எனக்குச் சம்மதமில்லை. நான் அந்தத் தலைப்பலகையை எடுத்து மடியில் வைத்தேன். பிறகு சொன்னேன்:

"உங்க நெல்லை நான் வேண்டாம்னு சொல்லல்ல. அதுக்க இடத்தை மாத்துங்க. தலைப்பலகைக்க நுனியில கூட்டி விடுங்க, நல்லா விடுங்க. துளைக்கும் துளைக்கும் இடையில அதுக்கு என்ன வேலை?"

அவர் உளியின் முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். பிறகு, நுனியில் இரண்டு நெல்லிடை விடுவேன் என்றார். மூன்று விடுங்கள், யார் வேண்டாம் என்றது என்றேன். அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், உன் வேலை பாதி கிடைத்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

மீதிப் பாதிக்கு என் லேஸ் வேலை வந்தது. பெருமைதான், படித்துக்கொள். லேஸ் பின்னுகிறவளுக்கு எல்லாமே அட்டையில் குத்துகிற துளைதான். குத்தின அட்டையைத் தலையணைமேல் வைத்து, துளைக்கு ஒரு ஊசி நாட்டி, நூலை ஊசி சுற்றிக் கொண்டுபோவோம். ஒரு துளை மயிரிழை விலகினால் கடைசியில் பூ நொண்டும். அதனால் நாங்கள் அளப்பதே கிடையாது, ஒற்றித்தான் எடுப்போம். பித்தளைத் தகட்டில் விளக்குக்கரியைத் தடவி, ஆணிகள் நிற்கிற அடியை ஒரு புது அட்டையில் ஒற்றி எடுத்தேன். ஒவ்வொரு வட்டத்துக்கும் நடுவைப் பார்த்து ஊசியால் குத்தினேன். தலைப்பலகையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளை நூலை இழுத்துக் கட்டி, அதற்கு இந்தப் பக்கம் அட்டையை வைத்து மூன்று புள்ளி இறக்கினேன். அடுத்த பக்கத்துக்கு உன் அப்பா மறுபடி அளக்க வேண்டும் என்று கையை நீட்டினார். நான் அதே அட்டையைக் குப்புறத் திருப்பி வைத்தேன். வலது கைக்கு இடது கை போல அச்சாக வந்துவிட்டது. அவர் அட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கொள்ளாம்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து என் சமையலுக்குக்கூட அந்த வார்த்தை கிடைத்ததில்லை.

கறுப்பு ஈட்டியை முகத்தில் ஒட்டி, பசை காயும்வரை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காத்துக்கொண்டிருந்தோம். அட்டையை வைத்துப் புள்ளிகளை மறுபடி அதன்மேல் இறக்கி, துளை போட உட்கார்ந்தபோது மழை தொடங்கிவிட்டது. உதவிக்கு வருகிற ஆளைக் காணோம். துரப்பணம் தனி ஆளால் ஓட்டுகிற சாமான் இல்லை. ஒருவர் மேலே சிரட்டையைக் கவிழ்த்துப் பிடித்து அழுத்த வேண்டும், இன்னொருவர் சுற்றின கயிற்றை இரண்டு கையாலும் மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். லேஸ்காரி கயிறு இழுக்கக் கூடாது. விரல் சொரசொரத்தால் நூல் பிடித்துக்கொள்ளும், லேஸ் கூடத்தில் வேலையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். உன் அப்பா என் கையைப் பார்த்தார், மழை விடட்டும், ஆள் வரட்டும் என்றார். நான் பழைய வேட்டித்துணியைக் கிழித்து உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன்.

முதல் இழுப்பு வெட்டி இழுத்துவிட்டேன், முனை துள்ளியது. இரண்டு பேருக்கும் உயிர் போய் வந்தது. நல்லவேளை, ஈட்டியில் கீறல் விழவில்லை. நீட்டி இழு, நின்று இழுக்காதே என்றார். அதற்குப் பிறகு தாளம் வந்துவிட்டது. முன்பக்கத்திலிருந்து சன்ன முனையால் துளைத்துக்கொண்டு போய், பின்னால் முனை எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். ஒரேயடியாகத் தள்ளி வெளியே எடுத்தால் வெளிவருகிற பக்கம் சிலும்பு பிய்ந்து வாய் கிழிந்துபோகுமாம். எனவே பாதித் துளையைப் பின்னாலிருந்து, பாதியை முன்னாலிருந்து என்று பெரிய முனையால் கொஞ்சம் கொஞ்சமாக அகலமாக்கினார். நடுவில் இரண்டு பக்கமும் சந்திக்கிற இடத்தில் அவர் மூச்சே விடவில்லை. ஒவ்வொரு துளையிலிருந்தும் மஞ்சளாகப் பலாத்தூள் என் மடியில் கொட்டியது. ஆறாவது துளை முடிந்ததும் தகட்டை எடுத்து என் கையில் கொடுத்து, நீயே வை என்றார். வைத்தேன். மூன்று ஆணியும் ஒன்றாக இறங்கின. அடுத்த தகட்டை வைத்தேன், அதுவும் இறங்கியது. தட்டவில்லை, தள்ளவில்லை மக்கா. தானாகப் போய் உட்கார்ந்தது. பிரசவத்தில் உன் அழுகையைக் கேட்டபோதுகூட நான் அவ்வளவு சத்தமாகச் சிரித்திருக்க மாட்டேன். என் உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. பிறகு வெகுநாள் லேஸ் நூல் விரலில் சிக்கி, கூடத்தில் திட்டு வாங்கினேன். அந்தத் திட்டையெல்லாம் பூமாலைபோல் வாங்கிக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் நடந்தது உனக்குத் தெரியும், ஆனாலும் எனக்கு எழுத ஆசையாக இருக்கிறது. அப்பா கித்தாரைப் படுக்கை விரிப்பில் சுற்றி, ஓலைக்குடையை அதற்குப் பிடித்து, தான் நனைந்துகொண்டே வந்தார். புதிதாக வந்திருந்த துரைசானி உன்னைச் சோதிக்க வேண்டும் என்று ஆறு தந்தியையும் தளர்த்திவிட்டு, திரும்பக் கூட்டச் சொன்னாள். ஈரக்காற்று வீசுகிறது, மரம் ஊறினால் என்ன ஆகும் என்று எனக்குப் பயம். நீ ஒவ்வொன்றாகத் திருகினாய். வைத்த இடத்தில் தந்தி நின்றது. சின்னப் பிள்ளைகள் பாடி முடிக்கும்வரை நின்றது. துரைசானி கித்தாரைத் திருப்பிப் பின்னாலிருந்த தகட்டைப் பார்த்து, இந்தக் கித்தார் எந்தச் சீமையிலிருந்து வந்தது என்று கேட்டாள். ஈரம் சொட்டச் சொட்ட வாசற்படியில் நின்ற உன் அப்பா, "இஞ்ச செஞ்சதாக்கும்" என்றார். அவருக்கு அந்த வேளையில் இருந்த நெஞ்சளவை எந்த முழக்கோலாலும் எடுக்க முடியாது.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். நீ வேலைக்குப் போகத் தொடங்கிய முதல் வாரம், இரணியல் அத்தை ஒரு தட்டு முந்திரிக்கொத்தும் பழமுமாக வந்து இறங்கினாள். பெண் சும்மா ஒரு வருஷம் பள்ளிக்கூடம் போகட்டும், நாள் மட்டும் குறித்துவிடுவோம் என்றாள். கொஞ்சம் பொறுக்கச் சொல்வதாகத்தான் உன் அப்பா என்னிடம் சொல்லிவைத்திருந்தார். அக்காவுக்கு முன்னால் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றும் உயரவில்லை. மடித்துக் கட்டின வேட்டியை இறக்கிவிட்டு, மரியாதையாக நின்றுகொண்டு சொன்னார்.

"அக்கா, உனக்குத் தந்தது எனக்க வாக்கு. அதுக்காக என்னை என்ன வேணும்னாலும் சொல்லு, கேட்டுக்கிடுவேன். ஆனா அது அவளுக்க வாக்கு இல்ல. அவகிட்ட நான் கேக்கவே இல்ல."

அத்தை என்னைப் பார்த்தாள், இது என் வேலை என்று நினைத்தாள். சத்தியமாக என் வேலை இல்லை. அப்படிப் பேச எனக்கே அன்று தோன்றியிருக்காது. அவள் இரண்டு வருஷம் நம் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. இப்போது உன் கல்யாணத்துக்கு வருகிறேன் என்று ஆள் விட்டிருக்கிறாள். வரட்டும். அவளுடைய மருமகளும் அருமையான பெண்தானாம், அத்தானுக்கு நேரத்துக்குச் சோறு கிடைக்கிறதாம். எல்லாம் நல்லபடியாகவே முடிந்திருக்கிறது.

ஆகவே புத்தி சொல்வதென்றால் இவ்வளவுதான் என்னிடம் உண்டு. வாத்தியாருக்குச் சமைத்துப் போடு, அவன் சமைத்தால் வாயை மூடிக்கொண்டு சாப்பிடு. வேலையை அவன் கேட்டாலும் விடாதே, அவன் அம்மா கேட்டாலும் விடாதே, நானே ஒருநாள் புத்திகெட்டுப்போய்க் கேட்டாலும் விடாதே. இன்னொன்று. நம் கோயிலில் எத்தனையோ கல்யாணம் பார்த்துவிட்டேன். சம்மதமா என்று போதகர் கேட்கும்போது பெண்பிள்ளைகள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டு வாய்க்குள் முனகுவார்கள். சொன்னார்களா இல்லையா என்று பக்கத்தில் நிற்கிறவனுக்கே தெரியாது. என்னையும் அப்படித்தான் கேட்டார்கள், நானும் அப்படித்தான் முனகினேன். நீ அப்படிச் செய்யாதே. ஏழு நாள் இருக்கிறது, மனசு மாறினால் அதையும் சத்தமாகச் சொல்லலாம், பந்தலைப் பிரித்துக்கொள்கிறோம், உன் அப்பா அதற்கும் பந்தல்காரனுக்குப் பாடம் சொல்வார். மாறவில்லை என்றால், சம்மதம் என்று நிமிர்ந்து நின்று சொல். பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் உன் இரணியல் அத்தை உட்கார்ந்திருப்பாள், அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம். அவளுக்குக் கேட்க வேண்டும்.